கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் ஒரு வாரம்: கிரவுண்டு, பிள்ளைகள், வீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரிசல் காட்டு ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும், இந்த வேலைக்கு வர நினைப்பவர்களும், வேறு கல்லூரிகளில் இப்போதுதான் பொறுப்பேற்ற இளையவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மைதானப் பராமரிப்பு பற்றித்தான் அதிகம் இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பலர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஸ்பைக்ஸ் ஷூவை, அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூவை, கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அதுவரை வெறுங்கால் ஓட்டம்தான். அந்தக் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு நான் பொறுப்பு. பயிற்சி, போட்டி, பதக்கம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

உடற்கல்வி இயக்குநர் என்றால் பள்ளிக்கூடத்து பி.டி. சார் மாதிரியா?

வேலையின் அடிப்படை ஒன்றுதான். தகுதியும் பொறுப்பும் வேறு. கல்லூரிப் பணிக்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, இல்லையென்றால் முனைவர் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் உடல்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும், அதே வயதுப் பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். வயது கூடக் கூடத் தூரம் குறையும்.

இந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் பழைய வேர் இருக்கிறது. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கினார். பின்னாளில் விளையாட்டுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் வந்தது. இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: நெட்டுக்குப் படிக்கும்போதே ஒரு மைதானத்தைப் பராமரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பறையில் அதற்குக் கொடுக்கும் நேரம் போதாது.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

திங்கட்கிழமை காலை நானும் மார்க்கர் அண்ணாச்சியும் கிரவுண்டை ஒரு சுற்று முழுக்க நடந்து பார்ப்போம். மார்க்கர் என்பது மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியரின் பதவிப் பெயர். கோடு போடுவது, தண்ணீர் விடுவது, ரோலர் இழுப்பது, நெட் கட்டுவது எல்லாம் அவர் கையில். ஞாயிற்றுக்கிழமை வெளியாட்கள் வந்து போயிருப்பார்கள் என்பதால் கண்ணாடிச் சில்லு, எலி வளை, நாய் தோண்டிய குழி, வேலியில் புதிதாக விழுந்த ஓட்டை என்று ஏதாவது இருக்கும். பார்த்ததை அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டுதான் எங்கள் வாரத்தின் வேலைத்திட்டம்.

செவ்வாய் முதல் வியாழன் வரை பயிற்சி கடுமையாக இருக்கும். காலை 6 மணிக்கு ஓட்டக்காரர்கள். மாலை 4 மணிக்குக் கபடி, கைப்பந்து, கோ-கோ, பூப்பந்து. நடுவில் இருக்கும் பகல் முழுவதும் காகித வேலை: பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய எலிஜிபிலிட்டி (போட்டித் தகுதி) பாரங்கள், பயணப்படி, பேட்டா கணக்கு, ஓ.டி. (போட்டிக்குப் போன நாட்களை வருகையாக எடுத்துக்கொள்ளும் ‘ஆன் டியூட்டி’) பட்டியல், கொட்டேஷன், ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒரு மாணவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவனுடைய பாரத்தில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் போட்டிக்குப் போன இடத்தில் வெளியே நிற்க வேண்டியதுதான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு 17 முதல் 25 வயது வரை என்று வரம்பு இருக்கிறது. ஆகவே சான்றிதழ்களை ஒவ்வொன்றாக நானே பார்ப்பேன்.

வெள்ளி மாலை கோடு போடுவது, சனி போட்டி. ஞாயிறு பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மண் டிராக்கை எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

முதலில் உங்கள் ஊர் மண்ணைப் படியுங்கள். எங்கள் பக்கம் கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயில் ஏறினால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் வெடிப்புக்குள் பாதிக் கால் போய்விடும். அந்த மண்மேலேயே டிராக் போட்டால் எவ்வளவு உருட்டினாலும் நிற்காது. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, சரளை பரப்பி இறுக்கி, அதன்மேல் சலித்த செம்மண்ணை மணல் கலந்து போட வேண்டும். ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டாமல் மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து உருட்டினால்தான் உள்ளே வரை இறுகும்.

அதற்குப் பிறகு வாராந்திர வேலை மூன்றே: தண்ணீர், பரம்பு, ரோலர். இந்த வரிசை மாறக் கூடாது. மாலையில் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊற விடுகிறோம். காலையில் பரம்புப் பலகையை இழுத்து மேட்டையும் பள்ளத்தையும் சமன் செய்கிறோம். பிறகு ரோலர். ஈரம் சரியாக இருக்கிறதா என்பதைக் கைதான் சொல்லும். ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைந்து சிதற வேண்டும். உடையாமல் சப்பென்று விழுந்தால் ஈரம் அதிகம். அப்போது ரோலர் இழுத்தால் மண் ரோலரிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வரும். கையில் உருண்டையே பிடிபடவில்லை என்றால் காய்ந்துவிட்டது, உருட்டினாலும் புழுதிதான் மிஞ்சும்.

முதல் லேனைத் தனியாகக் கவனியுங்கள். எல்லோரும் அதில்தான் ஓடுவார்கள். நடைப்பயிற்சிக்கு வருபவர்களும் அதில்தான் நடப்பார்கள். சில மாதங்களில் அது வாய்க்கால் மாதிரி குழிந்துவிடும், மழைத்தண்ணீர் முதலில் தேங்குவதும் அங்கேதான். பயிற்சி நாட்களில் முதல் இரண்டு லேனைக் கயிறு கட்டி மறித்துவிட்டு வெளி லேன்களில் ஓட விடுகிறோம். இந்தச் சின்ன ஏற்பாட்டால் டிராக்கின் ஆயுள் நன்றாகவே கூடுகிறது.

நீளம் தாண்டும் குழியை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் மணலைக் கொத்திவிட்டு ஈரப்படுத்த வேண்டும். மணலின் மட்டமும் தாண்டும் பலகையின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவது நல்லது. பூனைக்கும் நாய்க்கும் அந்த மணல் மிகவும் பிடிக்கும்.

நெருஞ்சி முள்ளுக்கு மருந்தடித்தால் போதாதா?

போதாது. மருந்து செடியைக் கருக்கும், ஆனால் ஏற்கெனவே காய்த்து மண்ணில் விழுந்த முள் அப்படியே கிடக்கும். காலில் குத்துவது அந்தக் காய்தான். மஞ்சள் பூ கண்ணில் பட்டதும், காய் பிடிப்பதற்கு முன்பே, வேரோடு பிடுங்கி ஒரு சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மழை பெய்து சில வாரங்களில் முளைத்துப் படரும், அப்போது விடாமல் பிடுங்கினால் அடுத்த ஆண்டு பாதியாகக் குறையும். விழுந்துவிட்ட முள்ளை எடுக்க நனைத்த சணல் சாக்கை விரித்துத் தரையோடு இழுத்துப் போங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

டிராக்கில் ஓடுபவர்களையே வாரத்தில் ஒரு நாள் வரிசையாக நிற்க வைத்துப் பிடுங்கச் சொல்கிறேன். நானும் குனிந்து பிடுங்குவேன். இதைத் தண்டனையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மதுரையைச் சேர்ந்த ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டி கூலி வேலை செய்து வளர்த்தார். வெறுங்காலில் ஓடத் தொடங்கி, லேடி டோக் கல்லூரியில் படித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அப்படி ஒரு பிள்ளை எந்த ஊர் மைதானத்திலும் முதல் நாள் வந்து நிற்கலாம். அன்றைக்குக் காலில் முள் ஏறினால் மறுநாள் வராமலே போகக்கூடும்.

கோடு போட எந்தச் சுண்ணாம்பு?

நீற்றிய சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்த்த தோலில் பட்டால் புண்ணாக்கும், கபடியில் விழுந்து புரளும்போது கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணாம்புக்கல்லைச் சுடாமல் அப்படியே அரைத்த வெள்ளைக் கல்மாவு கிடைக்கிறது. அதை வாங்குங்கள். மழைக்கு அது சீக்கிரம் கரைந்து போகும் என்று சிலர் குறை சொல்வார்கள். கரையட்டும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். யாருக்காவது கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் கசக்க விடாமல் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

400 மீட்டர் டிராக்கை எப்படி அளந்து போடுவது?

புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு நேர்ப்பகுதிகள், இரண்டு அரைவட்டங்கள். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். அரைவட்டத்தின் ஆரம், உள்விளிம்பில் கட்டை (தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய விளிம்பு) இருந்தால், 36.50 மீட்டர். ஓட்டக்காரர் கட்டையை ஒட்டி ஓட முடியாது என்பதால் தூரத்தைக் கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். அப்போது ஆரம் 36.80 ஆகிறது. இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 231.22, இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து 168.78. மொத்தம் 400.

மண் மைதானங்களில் பெரும்பாலும் கட்டை இருக்காது, வெறும் கோடுதான். கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் போதும் என்பது விதி. ஆகவே நீங்கள் போடும் கோட்டின் ஆரம் 36.60 ஆக இருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது என்று 36.50-ஐயே வைத்தால் டிராக் அரை மீட்டருக்கும் மேல் குறைந்துவிடும்.

வெளி லேனில் வளைவு நீளம் என்பதால், எல்லோரும் ஒரே தூரம் ஓட அந்த லேன்காரரை முன்னால் தள்ளி நிறுத்துவோம். இதே காரணத்தால் இந்த முன்னிறுத்தமும் மாறும். லேன் அகலம் 1.22 மீட்டர். கட்டை இருக்கும் டிராக்கில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாம் லேன் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாவது 14.70, நான்காவது 22.37, எட்டாவது 53.03. கட்டை இல்லாத கோட்டு டிராக்கில் இரண்டாவது 7.67, மூன்றாவது 15.33 என்று ஒவ்வொரு லேனுக்கும் ஒரே அளவில் கூடிக்கொண்டே போகும். அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து அப்படியே போடுவதற்கு முன் உங்கள் டிராக்கில் கட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாணவியின் நேரம் பல்கலைக்கழக அணித் தேர்வில் திடீரென்று கூடிப்போவதற்குச் சில சமயம் அவளுடைய கல்லூரி டிராக்கின் அளவே காரணமாக இருக்கும்.

அளக்க இரும்பு டேப்பையே பயன்படுத்துங்கள், துணி டேப் இழுத்தால் நீளும். இரும்பும் வெயிலில் நீளும் என்பதால் அதிகாலையில் அளப்பது நல்லது. இரண்டு மையப் புள்ளிகளையும் கான்கிரீட்டில் பதித்து ஒரு கம்பியை நட்டு வைத்துவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. செங்கோணம் பார்க்க, கொத்தனார் பார்ப்பது போல 3-4-5 அளவு போதும்.

எங்கள் கல்லூரியில் அவ்வளவு இடம் இல்லையே?

எட்டு லேனோடு 400 மீட்டர் டிராக் போட ஏறத்தாழ 177-க்கு 93 மீட்டர் வேண்டும், அதாவது நான்கு ஏக்கர். இல்லாவிட்டால் 200 மீட்டர் டிராக் போடுங்கள். நேர்ப்பகுதி 40 மீட்டர், கோட்டின் ஆரம் 18.90 மீட்டர் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். ஆறு லேனுக்கு 93-க்கு 53 மீட்டர் இருந்தால் போதும். 100 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும், முடிகிற இடத்தில் ஓடி நிற்கவும் வழியிருக்கும்படி, தனியாக ஒரு நேர்ப்பாதை ஒதுக்குங்கள்.

குண்டு, வட்டு, ஈட்டி எறியும்போது பயமாக இருக்கிறதே. என்ன பாதுகாப்பு?

பயப்பட வேண்டிய இடம்தான். ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, பெண்களுடையது 4 கிலோ. ஆண்களின் ஈட்டி 800 கிராம், பெண்களுடையது 600 கிராம். எங்கள் கிரவுண்டில் ஒரு சட்டம் உண்டு: எறிகிறவர் எறிந்து முடித்து, விசில் ஊதிய பிறகு எல்லோரும் நடந்து போய் எடுப்பார்கள். யாரும் திரும்பி எறிந்து கொடுக்கக் கூடாது, ஓடிப் போய் எடுக்கவும் கூடாது. ஈட்டிப் பயிற்சி நடக்கும் நேரத்தில் நடுமைதானத்தில் வேறு எந்த விளையாட்டும் கிடையாது. கால்பந்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுக்கிறேன், இடத்தைப் பகிர்ந்து கொடுப்பதில்லை.

எறிந்தது விழ வேண்டிய பரப்பை இரண்டு கோடுகளால் குறிப்போம், அதன் கோணத்தைக் கருவி இல்லாமலே போடலாம். குண்டுக்கும் வட்டுக்கும் வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி 12 மீட்டர். ஈட்டிக்கு, எறியும் இடத்து வளைவை எந்த மையப் புள்ளியிலிருந்து வரைகிறோமோ அந்தப் புள்ளியிலிருந்து 20 மீட்டரில் 10 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் ஸ்டோர் ரூம் கதவின் உட்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.

கபடிக்கு மண் களமா, மேட் (விரிப்பு) களமா?

பெரிய போட்டிகள் மேட் விரிப்பில் நடப்பதால் அதில் பழக்கம் தேவை. ஆனால் கிராமத்திலிருந்து வரும் பையன் மண்ணில் கற்றவன், அவன் பலமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் விளையாட விடுகிறேன். ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. மண் களத்தைக் கொத்தி, சலித்த மண்ணோடு மரத்தூள் கலந்து பரப்பினால் முழங்கால் தப்பிக்கும்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் கிரவுண்டுக்குள் காலே வைக்க முடியாது. ஆகவே புரட்டாசியிலேயே வடிகாலைத் தூர் வாரிவிட வேண்டும். டிராக்கின் குறுக்குச் சரிவு உள்பக்கமாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தண்ணீர் வந்து விழ, உள்விளிம்பை ஒட்டி ஒரு வாய்க்கால் வேண்டும். ஈரமாக இருக்கும்போது யாரும் பைக்கை உள்ளே ஓட்டிவிடாமல் கேட்டைப் பூட்டி வையுங்கள். ஒரு டயர்த் தடம் காய்ந்து இறுகிவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் உடற்பயிற்சிக்கூடம், வராந்தாவில் ஸ்கிப்பிங், படிக்கட்டுப் பயிற்சி, சதுரங்கம், கேரம்.

மின்னல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மின்னல் வெட்டியதிலிருந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்ப வரக் கூடாது. இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தாலும் அதுதான்.

வெயில் காலத்தில்?

காலை 8 மணிக்கு மேல் ஓட்டப் பயிற்சி இல்லை. பானையில் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், முடிந்தால் நீர்மோர். ஒரு பிள்ளை பேச்சுக் குழறி, தள்ளாடினால் அது சாதாரண மயக்கமல்ல. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

சிந்தெடிக் (ரப்பர் போன்ற செயற்கைப் பரப்பு) டிராக் போட்டுவிட்டால் இந்தப் பாடு எல்லாம் தீர்ந்துவிடுமே?

வேலை மாறும், தீராது. புழுதியும் மணலும் உள்ளே போய் அடைத்தால் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். விளிம்புகள் பெயர்ந்தால் உடனே ஒட்ட வேண்டும். 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான ஆணி வைத்த ஸ்பைக்ஸை ஓட்டத்துக்கு அனுமதிக்கக் கூடாது. சில ஆண்டுகள் போனால் மேல்பரப்பை மாற்ற மறுபடியும் பெரிய தொகை தேவைப்படும். அந்தத் தொகைக்கு வழி தெரிந்த பிறகு போடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மண் டிராக், கைவிடப்பட்ட சிந்தெடிக் டிராக்கைவிடப் பல மடங்கு மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரி கிரவுண்டைக் கூட்டத்துக்கும் பொருட்காட்சிக்கும் கொடுக்கலாமா?

முடிவு நிர்வாகத்துடையது. என்னிடம் கேட்டால் நான்கு சொல்வேன்: டிராக்குக்குள் வண்டி வரக் கூடாது, கம்பு நடக் குழி தோண்டினால் அவர்களே மண் போட்டு இறுக்கித் தர வேண்டும், முன்பணம் வைக்க வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பந்தல் பிரித்துப் போன பிறகு ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் மண்ணில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டையில் காந்தங்களை வரிசையாகப் பொருத்திக் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள், எவ்வளவு வருகிறது என்று தெரியும். அதை முடிக்காமல் எங்கள் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை.

நடைப்பயிற்சிக்கு வரும் ஊர்க்காரர்களை நான் வரவேற்கிறேன். வெளி லேனில் நடக்கச் சொன்னால் நடக்கிறார்கள். எலி வளையையும் வேலி ஓட்டையையும் என்னிடம் முதலில் வந்து சொல்வது அவர்கள்தான்.

மகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பலாமா சார்? யார் கூட வருவார்கள்?

மாணவிகள் அணியோடு ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம் வருவார். அவர் இல்லாமல் அணி கிளம்பாது. எந்த வண்டி, எங்கே தங்கல், எப்போது திரும்புவோம் என்பதைத் தாளில் எழுதி வீட்டுக்குக் கொடுக்கிறோம். தயங்கும் வீட்டுக்கு நானும் அந்த ஆசிரியரும் நேரிலேயே போய்விடுவோம். பெரும்பாலும் அப்பாவைவிட ஆச்சியிடம், அதாவது பாட்டியிடம், பேசுவதுதான் பலன் தரும். “புள்ளைய நம்பி அனுப்புதேன், நல்லபடியா கூட்டிட்டு வந்திருங்க” என்று ஆச்சி சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

சாப்பாடு பற்றியும் அப்போதே பேசிவிடுவேன். பல மாணவிகளுக்கு இரத்தசோகை இருக்கிறது. மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், முட்டை வீட்டிலேயே முடியும். பயிற்சி முடிந்ததும் சுண்டலும் வாழைப்பழமும் கொடுக்கிறோம்.

விளையாடினால் வருகைப்பதிவு போய்விடாதா?

போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. உண்டு. பயிற்சிக்குக் கிடையாது. வகுப்பை வெட்டிவிட்டுக் கிரவுண்டில் நிற்பவனை நானே துறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடத்தைக் கேட்டு எழுதுவது அவன் பொறுப்பு.

விளையாட்டால் வேலை கிடைக்குமா?

தமிழ்நாடு அரசு வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, அஞ்சல், காவல், இராணுவம் போன்ற துறைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. ஆனால் கல்லூரி அளவில் வாங்கும் சான்றிதழ் பெரும்பாலும் போதாது. மாநில, தேசிய நிலைச் சான்றிதழ்களைத்தான் பார்ப்பார்கள். எந்தப் போட்டி கணக்கில் வரும் என்று அறிவிக்கையைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, பதிவைத் தவற விடாதீர்கள். பட்டப்படிப்பையும் முடித்துவிடுங்கள். முழங்கால் ஒன்று போனாலும் பட்டம் கையில் நிற்கும்.

இத்தனைக்கும் நடுவில் குடும்பத்துக்கு நேரம் எங்கே?

இந்த வேலையில் மற்றவர்களுக்கு விடுமுறை வரும் நாளில்தான் நமக்குப் போட்டி வரும். அதை மறைத்துக் கல்யாணம் பேசக் கூடாது என்று இளையவர்களுக்குச் சொல்வேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வருசத் தொடக்கத்துலயே தேதியெல்லாம் சொல்லிருங்க, அப்புறம் நாங்க பாத்துக்கிடுதோம்.” பல்கலைக்கழகப் போட்டி அட்டவணை வந்ததும் ஒரு படி எடுத்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். பிள்ளைகளின் தேர்வு, அம்மாவின் மருத்துவமனை நாள், ஊர்க்கொடை (ஊர்க் கோயில் திருவிழா) எல்லாம் அதே தாளில் ஏறும். இரண்டு மோதும் இடத்தை அன்றைக்கே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறோம். ஊர்க்கொடைக்கு அடுத்த கல்லூரி சகா என் அணியையும் சேர்த்துக் கூட்டிப்போவார், அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் அவருடைய அணியைக் கூட்டிப்போவேன்.

புதன் மாலை வீட்டுக்கு. அன்றைக்குக் கிரவுண்டை அணித்தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதுவும் அவர்களுக்கு ஒரு பயிற்சி. ஞாயிறு போட்டி இல்லையென்றால் போன் சத்தத்தை அணைத்துவிடுவேன். மகளுக்கு ஓட்டத்தில் ஆர்வம் இல்லை, படம் வரைவதில்தான் இருக்கிறது. அவளைக் கிரவுண்டுக்கு இழுத்ததில்லை. ஆயுத பூஜை அன்று மட்டும் வீட்டோடு வருவார்கள். குண்டு, வட்டு, ரோலர், கோடு போடும் வண்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது என் அம்மாவும் மார்க்கர் அண்ணாச்சியின் வீட்டம்மாவும். பிள்ளைகளுக்குப் பொரி, கடலை.

கோடை விடுமுறையில் கிரவுண்டுக்கு விடுமுறைதானே?

வருடத்தின் பெரிய வேலை அப்போதுதான். குழிந்த லேன்களைக் கொத்திப் புது மண் போடுவது, வெடிப்புகளில் மணல் நிரப்புவது, கோல் போஸ்ட்டுக்குத் துரு நீக்கி வர்ணம் அடிப்பது, எறி வட்டத்தின் சிமெண்டு பெயர்ந்திருந்தால் பூசுவது. ஜூனில் பிள்ளைகள் வந்துவிட்டால் எதற்கும் இடம் கிடைக்காது.

பணம் குறைவு. ஒரு சிறிய கல்லூரி முதலில் எதை வாங்க வேண்டும்?

ரோலரும் தண்ணீர் வசதியும். போர்வெல்லிலிருந்து டிராக்கின் நாலு மூலைக்கும் குழாய் இழுத்து வால்வு வைத்துவிட்டால் மார்க்கர் குடம் சுமக்க வேண்டாம். அடுத்து 100 மீட்டர் இரும்பு டேப், முதலுதவிப் பெட்டி, நல்ல பூட்டு. ஸ்பைக்ஸை ஆளுக்கொன்று வாங்க முடியாவிட்டால் பொது அளவுகளில் சில ஜோடிகள் வாங்கிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஜெர்சிக்கு முன்னாள் மாணவர்கள் உதவுவார்கள், கேட்டால் தருவார்கள். ரோலருக்கு உதவ யாரும் தானாக முன்வருவதில்லை. ஆகவே அதைக் கல்லூரி விளையாட்டு நிதியிலிருந்தே, முதல் ஆண்டிலேயே, வாங்கிவிடுங்கள்.